சறோவுக்குப் படைத்தது

1

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்குப் படைக்க வேண்டிய சாப்பாடு ஸ்ரௌவ்வில்லில் பனிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

சறோ போய் ஒரு வருடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் ஆண்டுத்திவசத்தைச் செய்து முடித்தார். அது மரக்கறிச் சாப்பாடும் மந்திரமும். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு வீட்டுக்குள் இன்னொரு படையல் உண்டு. இறந்தவருக்கு உயிரோடு இருக்கும்போது என்னென்ன விருப்பமோ அதையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, ஆக்கி வாழையிலையில் வைப்போம். ஐயருக்கு அதில் வேலையில்லை. அது வீட்டுக்காரர்களுக்கும் போனவருக்கும் இடையிலான விசயம்.

சமையல் பொறுப்பைச் சறோவின் தங்கை கலா எடுத்திருந்தாள். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு, பெரிய குசினி, இரண்டு அடுப்பு. சனிக்கிழமை இரவே பாதிச் சமையலை முடித்துவிட்டாள். விடிந்து பார்த்தால் அவளுடைய காரே தெரியவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குப் பனிப்புயலை விளங்கப்படுத்துவது கஷ்டம். மழை என்றால் சத்தம் போட்டுக்கொண்டு வரும், வெள்ளம் என்றால் ஓடும். இது சத்தமில்லாமல் வந்து அப்படியே இருந்துவிடும். நாங்கள் இருக்கும் ஸ்காபரோ ரூஜ் பக்கத்திலும் முன்கதவைத் திறக்கத் தோளால் தள்ள வேண்டியிருந்தது. வீதி துப்புரவாக்கும் வண்டி ஒரு தடவை வந்து, வீதியில் கிடந்த பனியையெல்லாம் எங்கள் வாசலில் மதில் மாதிரிக் குவித்துவிட்டுப் போனது. அதுவும் நகரசபையின் சேவைதான்.

கலா போன் எடுத்தாள். வெளிக்கிட வழியில்லை, கறிகளைக் கராஜுக்குள் வைத்திருக்கிறேன், பிரிட்ஜை விட அங்கே குளிர், நாளைக்குப் படைப்போம் என்றாள். சரி என்றேன். போனை வைக்கும்போது, எப்படியும் ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அக்காவுக்கு விருப்பமானது இன்னும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கோ அத்தான், செய்துகொண்டு வாறன் என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. கணவாய்க் கறி என்றேன்.

சோபாவில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த என் மகள் அபி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு தன் போனுக்குள் திரும்பவும் போய்விட்டாள். அவள் டவுன்டவுனில் ஒரு கொண்டோ மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள். திவசத்துக்கு வந்தவள் புயலால் போக முடியாமல் நின்றுவிட்டாள். பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல வீட்டில் நிற்பதற்குப் புயல் வேண்டியிருக்கிறது.

2

வெளியே போக முடியாத நாளில் நான் ஒரு படம் பார்ப்பேன். எல்லா வருடமும் அதே படம்தான். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள்.

சாப்பாட்டுப் படம். ஏதோ ஒரு மலைநாடு, எனக்குத் தெரியாத மொழி, கீழே ஆங்கில எழுத்து ஓடும். ஒரு சின்ன ரயில் நிலையத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. பனி விழுந்து சுரங்கப்பாதை அடைபட, ஒரு ரயில் நிறையச் சனம் அங்கே மாட்டிக்கொள்கிறது. கடைக்காரன் ஒரு தொந்திக்காரன், கோபக்காரன். இருக்கிற சாமானை வைத்து எல்லோருக்கும் சமைக்கிறான். ஒவ்வொரு நாளும் சாமான் குறையக் குறையச் சாப்பாட்டின் ருசி கூடுகிறது. கடைசி நாளில் வெங்காயமும் காய்ந்த பாணும்தான் மிச்சம். அதை வைத்து அவன் ஒரு பானை சூப் வைப்பான். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத சனமெல்லாம் கோப்பையை ஆளுக்காள் கைமாற்றிக் குடிப்பார்கள். அந்த இடத்தில் நான் அழுவேன். ஒருமுறையும் தவறியதில்லை.

எனக்குச் சாப்பாடு என்றால் பைத்தியம் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் மெசினில் நின்றேன். அங்கே என் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி பெயர் போனது. போலந்துக்காரனும் பிலிப்பீன்ஸ்காரனும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். உன் மனைவி ஒரு ஆர்ட்டிஸ்ட் என்று ஒருவன் சொன்னான். வீட்டுக்கு வந்து அதைச் சறோவிடம் சொன்னபோது, நாளைக்கு என்ன வைக்க என்று கேட்டாள்.

போன ஒரு வருடமாக, சறோவும் நானும் ஒவ்வொரு பனிக்கும் அந்தப் படத்தைப் பார்ப்போம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செத்தவீட்டில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொன்னேன், சனம் கண்ணைத் துடைத்தது. இப்போது யோசித்துப் பார்த்தால், படம் பார்த்தது நான். சறோ வடை சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

3

படத்தைப் போட்டேன். சறோ இல்லாத முதல் பனிப்புயல். வடையும் இல்லை. அபி நூடில்ஸ் அவித்துக் கோப்பையில் ஊற்றித் தந்தாள். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். சின்ன வயதில் இந்தப் படம் ஓடினால் அறைக்குள் ஓடிவிடுவாள். இன்றைக்கு எனக்காக இருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

தொந்திக்காரன் முதல் நாள் வாத்து வாட்டும் காட்சி வந்தது. அம்மாவுக்கு இந்த இடம் நல்ல விருப்பம் என்றேன். அபி நூடில்ஸைக் கிண்டினாள். நான் விடாமல், நாளைக்குக் கணவாய் வந்தால் இலை நிறைந்துவிடும், போன வருடம் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வைத்தது மாதிரியே வைப்போம் என்றேன்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

“அப்பா, ஐ நீட் டு சே சம்திங். கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“போன வருசம் அம்மான்ரை இலையிலை வைச்சது எல்லாம் உங்கடை சாப்பாடு. கணவாய், ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, எல்லாம். லைக், எவ்ரிதிங். அம்மாவுக்குக் கணவாய் ஒத்துவராது. கழுவினாலே கை முழுக்கத் தடிச்சிடும். கிளவுஸ் போட்டெல்லோ கழுவுறவ.”

கிளவுஸ் எனக்குத் தெரியும். மஞ்சள் நிறம், சிங்குக்குப் பக்கத்தில் தொங்கும். கையில் மணக்கக்கூடாது என்று போடுகிறாள் என நினைத்திருந்தேன். ஒருமுறை அதைப் பார்த்து, டொக்டர் அம்மா ஒப்பரேசனுக்கு ரெடியோ என்று பகிடி விட்டிருக்கிறேன். அவள் சிரித்தாள். சிரித்ததுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அபி சொன்னதை மறுக்க வாயைத் திறந்தேன். அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாதா, முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்த மனிசன் நான் என்று தொடங்கினேன். தொடங்கிய வசனத்தை முடிக்க ஒரு கறியின் பெயர் வேண்டியிருந்தது. ஒன்றும் வரவில்லை. தேங்காய்ச்சம்பலா? அது நான் இடியப்பத்தோடு கேட்பது. பால்கோப்பியா? அதுவும் நான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், எனக்கு எல்லாம் ஒண்டுதான் என்பாள். அதை நான் அவளுடைய நல்ல குணம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எழும்பிப் போய் கலாவுக்கு போன் எடுத்தேன். கணவாய் வேண்டாம் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் சுட்டது. உனக்குத் தெரியுமா, அக்காவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை புளியங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்னுவா அத்தான், பிறகு கலியாணம் கட்டி உங்களிட்டை வந்திட்டா, அதுக்குப் பிறகு நீங்கள்தானே சொல்லவேணும் என்றாள். கலாவுக்குத் தெரிந்தது பாவாடை கட்டிய ஒரு பெட்டையை. எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டித் தந்த பெண்ணை அறிந்திருக்க வேண்டியவன் நான்.

4

இந்த ஒரு வருடத்தில் சறோவைப் பற்றி நான் எழுதிக் கொடுக்காத விபரம் இல்லை. இந்த நாட்டில் ஒருவர் செத்துப்போவது இலேசு, செத்துவிட்டார் என்று அரசாங்கத்துக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். ஒரு அரசாங்கக் கந்தோரில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று, கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டையிடம், மை வைஃப் எக்ஸ்பயர்ட் என்றேன். அவள் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டு, அப்படியென்றால் அவரையே வந்து புதுப்பிக்கச் சொல்லுங்கோ என்றாள். நான் சறோவின் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றதால் அட்டைதான் காலாவதி என்று நினைத்துவிட்டாள். பிறகு விளங்கி, முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். இந்த நாட்டில் யாரில் பிழையென்றாலும் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

சறோவின் இன்சூரன்ஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய திகதி, இரத்த வகை, கடைசியாக மாற்றிய மருந்தின் பெயர், எல்லாம் தெரியும். கேட்ட இடங்களிலெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன். நல்ல கணவன் என்று ஒரு தாதி என்னைப் பாராட்டினாள். அந்தப் பாராட்டை ஒரு வருடமாக உள்ளுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதை ஆசையாகச் சாப்பிட்டாள் என்று எந்தக் கந்தோரிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பேன்.

5

படத்தை முடிக்காமல் விட எனக்கு மனமில்லை. அபியும் பார்ப்போம் என்றாள். வெங்காய சூப் வந்தது. முதல் தடவையாக நான் அழவில்லை. தொந்திக்காரனைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. படம் முழுக்க ஒரு பெண் அவனுக்குப் பக்கத்தால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், போகிறாள். அவனுடைய மனைவி. அவளுக்கு முழுப் படத்திலும் நாலைந்து வசனம் கூட இல்லை. இத்தனை வருடத்தில் அவளை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை.

கடைசியில் சுரங்கம் திறந்து ரயில் போய்விடும். தொந்திக்காரன் கதிரையில் நித்திரையாகிவிடுவான். நான் வழமையாக அந்த இடத்தில் எழும்பிக் கை கழுவப் போய்விடுவேன், படம் முடிந்த மாதிரித்தான். அபி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

அந்தப் பெண் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். உடுப்புப் பொக்கற்றுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பணிஸை எடுக்கிறாள். எப்போது எடுத்து வைத்தாள் என்று படத்தில் இல்லை. பனியைப் பார்த்துக்கொண்டு, நின்றபடியே, அவசரமில்லாமல் முழுவதையும் சாப்பிடுகிறாள். கையைத் தட்டிவிட்டு உள்ளே போகிறாள். படம் அங்கேதான் முடிகிறது.

“அம்மா இந்த சீனுக்குத்தான் வருவா,” என்றாள் அபி. “நீங்கள் பாத்ரூமுக்குப் போவீங்கள், அவ குசினியிலை இருந்து வந்து சோபாக்குப் பின்னாலை நிண்டு பாப்பா. நான் படியிலை இருந்து கண்டிருக்கிறன்.”

பிறகு மெல்லச் சொன்னாள். “அம்மாவுக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியும், அப்பா. சொல்லாதை எண்டு சொன்னவ.”

அபி உயர்பள்ளியில் படித்த காலத்தில் சறோ ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தாள். பின்னேரம் இரண்டு பேரும் வோர்டன் சப்வே ஸ்டேஷனில் சந்தித்து, அங்கிருந்து ஒன்றாக பஸ் எடுத்து வீட்டுக்கு வருவார்கள். அந்த ஸ்டேஷனுக்குள் ஒரு சின்னக் கடை. ஜமைக்கா பற்றிஸ் விற்பார்கள். எங்கள் பற்றிஸ் மாதிரிச் சின்னது இல்லை. உள்ளங்கையை விடப் பெரிது, மஞ்சள் நிறம், வெளியே பொருபொருவென்று உதிரும். உள்ளே அரைத்த இறைச்சி, நல்ல உறைப்பு.

எழுதிவிடுகிறேன். மாட்டிறைச்சி.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு தரம் எழும்பிப் போனேன். இதை வாசிக்கிறவர்களில் என் சொந்தக்காரர் இருக்கிறார்கள், சறோவின் சொந்தக்காரர் இருக்கிறார்கள். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் அந்தச் சொல்லைக்கூட எடுக்க மாட்டார்கள். நான் இங்கே கோயில் நிர்வாக சபையில் பல வருடமாக இருக்கிறேன். தேருக்கு வடம் பிடிக்கும் படத்தில் முன்வரிசையில் நிற்பது நான்தான்.

“கிழமையிலை ரெண்டு தரமாவது வாங்குவம்,” என்றாள் அபி. “எனக்கு ஒண்டு, அவவுக்கு ஒண்டு. வீட்டிலை எல்லாத்தையும் பிச்சுப் பிச்சுப் பங்கு போடுறவ எல்லோ. அங்கை மட்டும் ஒரு துண்டு தரமாட்டா. நிண்டுகொண்டு முழுசாச் சாப்பிடுவா. பேசமாட்டா. ஷி வாஸ் சோ ஹாப்பி, அப்பா.”

சாப்பிட்டு முடித்து, கடுதாசிப் பையை ஸ்டேஷன் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு, சூயிங்கம் ஒன்றை வாய்க்குள் போட்டு, ஜாக்கெற்றில் உதிர்ந்ததை அபியைத் தட்டிவிடச் சொல்வாளாம். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குப் புட்டு அவிப்பாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் நான் என்ன செய்துவிடுவேன், அடிக்கவா போகிறேன் என்றும் கேட்டேன்.

அபி நாலாம் வகுப்புப் படிக்கும்போது நடந்ததைச் சொன்னாள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய் ஹம்பேர்கர் சாப்பிட்டுவிட்டு வந்து, பெருமையாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கத்தேல்லை. சாப்பிடாமல் விட்டிட்டீங்கள். அம்மா சோத்துக் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பா, நீங்கள் தள்ளி வைச்சிட்டுப் போயிடுவீங்கள். கன நாள். அம்மா ஒவ்வொரு நாளும் புதுசாச் சமைச்சுச் சமைச்சு வைச்சவ. அதுக்குப் பிறகு அம்மா எனக்குச் சொன்னவ, அப்பா சாப்பிடாட்டி என்னாலை தாங்கேலாது எண்டு.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. உண்மையாகவே இல்லை. ஆனால் அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. கோபம் வந்தால் சாப்பிடாமல் விடுவது எங்கள் ஆண்களுக்குக் கைவந்த கலை. கை ஓங்க வேண்டாம், வாய் திறக்க வேண்டாம், கோப்பையைத் தள்ளினால் போதும். சமைத்தவள் உடைந்துபோவாள். நான் அடிக்காத மனிசன் என்று என்னைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை அந்த சோபாவிலேயே போய்விட்டது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூடில்ஸ் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். மஞ்சள் கிளவுஸ் அங்கேயே தொங்கியது.

6

திங்கட்கிழமை வெயில் எறித்தது. வாசல் பனியை நானும் அபியும் அள்ளினோம். அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கலா பின்னேரம் வருவதாகச் சொன்னாள். நான் அபியிடம், வா, வோர்டனுக்குப் போவோம் என்றேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆர் யூ ஷுவர் என்று இரண்டு முறை கேட்டாள்.

ஓம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குள் ஒரு பெருமை வந்தது. சபையாவது கோயிலாவது, என் மனிசிக்கு விருப்பமானதை அவளுடைய இலையில் வைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். கார் ஓடும்போது அபி ரேடியோவைப் போட்டாள், கனகாலத்துக்குப் பிறகு என்னோடு சிரித்துப் பேசினாள். அம்மா உறைப்பு சோஸ் கேட்டு வாங்குவா, அதையும் வாங்குவோம் என்றாள். ஓம் ஓம் என்றேன்.

ஸ்டேஷன் நிறையச் சனம். ஞாயிறு முழுக்க வீட்டுக்குள் கிடந்த ஸ்காபரோ முழுவதும் அன்றைக்கு பஸ் எடுக்க வந்தது போல. கடைக்கு முன்னால் வரிசை நின்றது. சூடான மாவின் வாசம் வந்தது. சறோ இந்த இடத்தில்தான் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, முறை வருமுன்பே காசை எடுத்துக் கையில் வைத்தேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டே பேர் மிச்சம் இருக்கும்போது பின்னாலிருந்து, “அண்ணை” என்று ஒரு குரல். கோயில் செயலாளரின் மனைவி. கார் பனிக்குள் புதைந்துவிட்டதாம், அதுதான் ரயிலில் வேலைக்குப் போகிறாளாம். மரக்கறிப் பற்றிஸ் இருக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். திவசம் நல்லபடி முடிஞ்சுதோ என்று கேட்டாள். சறோ அக்காவை மாதிரி ஒரு ஆசாரமான பொம்பிளையைப் பார்க்க ஏலாது என்றாள். அபி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓம் ஓம் என்றேன். அதே ஓம்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கறுப்பினப் பெண் அன்பாகத்தான் கேட்டாள், பீஃபா, சிக்கனா என்று.

என் வாய் திறந்தது. செயலாளரின் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் கேட்டிருப்பாளா, கேட்டாலும் கவனித்திருப்பாளா, எனக்குத் தெரியாது. அவள் தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

சிக்கன் என்றேன். குரல் எழும்பவில்லை. அந்தப் பெண் குனிந்து திரும்பவும் கேட்டாள். இரண்டாவது முறை உரத்துச் சொன்னேன். பின்னால் நிற்பவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் உரத்துச் சொன்னேன்.

அபி சொல்லியிருக்கலாம். அவளுக்கு இங்கிலீஷ் இருக்கிறது, துணிவு இருக்கிறது. அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள். வரும் வழியில் ரேடியோவைப் போடவில்லை.

7

பின்னேரம் கலா வந்தாள். கறிகளைச் சூடாக்கினோம். சறோவின் படத்துக்கு முன்னால் இலை விரித்து, கலா கொண்டுவந்ததையெல்லாம் வைத்தாள். எங்கேயோ ஒரு பிளாசாவில் தேடிப் பிடித்துப் புளியங்காயும் கொண்டுவந்திருந்தாள். நான் கடுதாசிப் பையைப் பிரித்து அந்தப் பற்றிஸை நடுவில் வைத்தேன். அபி அதற்குப் பக்கத்தில் உறைப்பு சோஸை வைத்தாள். அதை அவள் எப்போது வாங்கினாள் என்று நான் காணவில்லை.

கலா ஆச்சரியமாகப் பார்த்தாள். அக்காவுக்கு உது விருப்பமோ, எனக்குத் தெரியாமல் போச்சே என்றாள். அத்தானுக்குத்தானே தெரியும் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஓம், இது அவளுக்கு நல்ல விருப்பம் என்றேன்.

படைத்த பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து, ஒருவரும் பார்க்காமல், ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்பதற்காக. விளக்கைக் கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். கலா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். நானும் அபியும் மூடிய கதவுக்கு முன்னால் நின்றோம்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அபி என் முதுகில் கையை வைத்தாள்.

“பரவாயில்லை அப்பா,” என்றாள். “அம்மா அதையும் சாப்பிட்டிடுவா.”

அவள் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள்.